பூஜைத் தட்டில் வைத்த சாவி

கப்பல் எங்கள் ஊருக்கு லாரியில் வந்தது. ஆடிப்பூரத் தேரோட்டத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் பொருட்காட்சி போடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தவர்கள் மைதானத்து வாசலிலேயே டைட்டானிக்கைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ப்ளைவுட்டையும் தகரத்தையும் சேர்த்து அடித்து, கறுப்பும் வெள்ளையும் பூசி, நான்கு புகைபோக்கி வைத்து, சுற்றிலும் சீரியல் பல்பு போட்ட கப்பல். நூறு வருடத்துக்கு முன்னால் பனிப்பாறையில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கப்பல், எங்கள் ஊரில் டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் நின்றது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் திருச்செந்தூருக்குத்தான் போக வேண்டும்.

அதைப் பார்க்க என்னையும் மதினியையும் அழைத்துப் போனது எங்கள் முதலாளிதான். மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் கேரளாவில் கட்டட வேலை, வந்தால் வந்ததுதான். நானும் அவளும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே வீட்டில் இருந்தோம், நாங்கள் இருவரும் தினமும் பஸ் பிடித்து இராஜபாளையத்துக்கு வேலைக்குப் போனோம். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை நெய்து, சுருட்டி, அட்டைப்பெட்டியில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி. முன்னால் தறிகள். பின்னால் பெண்கள் உட்கார்ந்து பேக்கிங் போடும் ஹால். மாடியில் ஏசி போட்ட ஆபீஸ். ஆபீசுக்குத் தெருவிலிருந்தே தனிப்படி உண்டு, எங்கள் தூசி முதலாளியின் சட்டையில் படாமல் ஏறிப்போவதற்கு.

அந்த வருடம் ஆர்டர் நிறைய. முதலாளிக்கு மனசு குளிர்ந்து, தேருக்கு மறுநாள் வேன் பிடித்து எல்லோரையும் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனார். கப்பலுக்கு இரண்டு டிக்கெட் வைத்திருந்தார்கள். மேல்தள டிக்கெட்டுக்கு ஸோபா, ஏர்கூலர், ஒரு கப் ஐஸ்கிரீம், புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ. கீழ்த்தள டிக்கெட்டுக்கு ஒரு இருட்டுச் சந்து, நீல பல்பு, ஸ்பீக்கரில் தண்ணீர் கொட்டும் சத்தம். முதலாளி குடும்பம் மேலே போனது. நாங்கள் கீழே போனோம். இதில் நான் அன்று தப்பு ஒன்றும் காணவில்லை. ஓசி டிக்கெட்டில் போனவர்கள் வேறென்ன கேட்பது.

சந்தின் கடைசியில் மேலே ஏறும் படி. படிக்குக் கீழே ஒரு இரும்புக் கிராதி, அதில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. மைக்கில் ஒருவர், அந்தக் கப்பலில் ஏழைகளை இப்படித்தான் கீழே வைத்திருந்தார்கள் என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே மூச்சில், மேல்தளத்துக்குத் தனி டிக்கெட், கிராதியைப் பிடித்துத் தொங்காதீர்கள் என்றும் சொன்னார். மதினி கிராதியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, நம்ம கம்பெனி கணக்காத்தான் இருக்கு” என்றாள்.

பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேக்கிங் ஹாலுக்கு ஒரு பின்கதவு இருந்தது. தகரக் கதவு. வேலை நேரம் முழுக்க அது வெளியில் பூட்டியிருக்கும், சாவி ஆபீசில் இருக்கும். எப்போதோ ஒரு கட்டு துணி காணாமல் போனதாம். யார் எடுத்தார்கள், எடுத்தார்களா, எண்ணினவனுக்குக் கை தவறியதா என்று எதுவும் தெரியாது. அன்றிலிருந்து அத்தனை பெண்களும் திருடிகள், கதவுக்குப் பூட்டு. ஒன்றுக்குப் போவதென்றாலும் தறிகளுக்கு நடுவில் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். யாராவது சோதனைக்கு வரும் நாளில் மட்டும் பூட்டு மறைந்துவிடும். அதன் இடத்தில் சிவப்பு வாளியில் மணல் தொங்கும், நாங்களும் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நான் ஒருமுறை கேட்டேன். “மொதலாளி, அவசரம்னா எந்த வழியா வெளிய போக?” அவர் கோபப்படக்கூட இல்லை. “ஒங்க பாதுகாப்புக்குத்தாம்மா பூட்டியிருக்கு. கண்டவன் உள்ள வந்துட்டா?” என்றார். எங்களைக் காப்பாற்ற எங்களையே உள்ளே வைத்துப் பூட்டுகிற கரிசனம். காதில் பூச்சுற்றுகிறார் என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தோம்.

நான் காலேஜில் சரித்திரம் படித்தவள். படித்து என்ன, பேண்டேஜ் சுருட்டப் பட்டம் தேவையில்லை. ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை. பொருட்காட்சிக்குப் போய்வந்த வாரம் முழுக்க பஸ்ஸில் போனை வைத்துக்கொண்டு அந்தக் கப்பலைப் பற்றித்தான் படித்தேன், மதினிக்கும் சொன்னேன். ஏறியிருந்த அத்தனை பேருக்கும் படகுகள் போதாது என்பது கிளம்பும்போதே தெரிந்த விஷயம். முதலில் இறக்கின படகுகள் பாதி காலியாகவே போயின. கீழ்த்தளத்தில் இருந்தவர்களில் பலருக்கு மேலே வரும் வழியே தெரியவில்லை. கதவுகள் அடைத்திருந்தன என்று பிழைத்தவர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டு மதினி ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பிடித்தது சாவிக் கதைதான்.

கப்பலின் உச்சியில் நின்று காவல் பார்த்தவர்களிடம் தொலைநோக்கி இல்லையாம். அது ஒரு பெட்டிக்குள் பூட்டியிருந்ததாகச் சொல்கிறார்கள். பெட்டிச் சாவி வைத்திருந்த அதிகாரியைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். அவர் சாவியைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு கரையிறங்கிவிட்டார். பல வருடம் கழித்து அந்தச் சாவி ஏலத்தில் பெரிய விலைக்குப் போனது.

“தொறக்காத சாவிக்குப் போயி வெலையா?” என்றாள் மதினி. பஸ் தேரடி தாண்டும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை எப்படியென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சோறு போடுகிற கருவி எதுவானாலும் அன்று கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். தறியாகட்டும், தராசாகட்டும், கத்தரியாகட்டும், மறுநாள் காலையில் எடுக்கும் வரை தொடக்கூடாது. மிஷினுக்கு வருடத்தில் ஒருநாள் ஓய்வு. அவலும் பொரிகடலையும் வாங்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குப் போகிற நாள் அது.

எங்களுக்கு அந்த வருடம் அதுவும் இல்லை. பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்து, பேக்கிங் பெண்கள் மட்டும் உள்ளே வாங்க, லோடு சாயங்காலம் போகணும் என்றார். இன்றைக்கு எதையும் தொடக்கூடாதே என்று ஒருத்தி கேட்டாள். மாடிப்படியில் நின்ற முதலாளி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“மிஷினைத்தானம்மா தொடக்கூடாது. பேக்கிங் கைவேலதான? கையவா சாமிகிட்ட வச்சோம்?”

இரும்புக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்த மனுஷனுக்கு, அதே இரும்போடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிற கை கண்ணில் படவில்லை. நாங்களும் சிரித்தோம். அவர் சிரித்தால் நாங்களும் சிரிப்போம், அப்படியே பழகியிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து பெட்டி ஒட்ட ஆரம்பித்தோம். முதலாளியும் விருந்தாளிகளும் மாடியில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

காலையில் கருவிகளைக் கழுவிய வேலை மதினியுடையது. கத்தரி, அளவு ஸ்கேல், எடைக்கல் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தாள். முதலாளி சாவிக்கொத்தையும் நீட்டி, இதையும் சேர்த்து வை தாயி, இதுதான் நம்ம லட்சுமி என்றார். அவள் ஒவ்வொரு சாவியாகத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, தன் கையால் தட்டில் வைத்தாள். முதல் தறிக்குக் கீழே சாமி படம், படத்துக்கு முன்னால் தட்டு, தட்டுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு. பின்கதவுச் சாவியும் அந்தக் கொத்தில்தான் இருந்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை. சாவியைக் கும்பிடுவது எங்களுக்குப் புதுசா என்ன.

பூஜை விளக்கை வாயால் ஊதி அணைக்க மாட்டோம், அதுவாக மலையேற வேண்டும். தறிக்காரர்கள் வீட்டுக்கும் மற்றவர்கள் மாடிக்குச் சாப்பிடவும் போய்விட்டார்கள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தறி ஓடும் இடத்தில் பஞ்சுத் தூசி எப்படிப் பறக்கும் என்பது தறிக்காரர்களுக்குத் தெரியும். எவ்வளவு கூட்டினாலும் உத்திரத்திலும் ஒயரிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கொத்து விளக்கில் விழுந்திருக்க வேண்டும். நாங்கள் முதலில் பார்த்தது தீயை அல்ல. முன்பக்கக் கதவுக்கு மேலே உருண்டு வந்த புகையைத்தான்.

முன்னால் ஓடினோம். தறிக்கூடம் முழுக்க வெளிச்சமாக இருந்தது. போக முடியாது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. திரும்பிப் பின்கதவுக்கு ஓடி, எல்லோரும் சேர்ந்து தகரத்தைத் தட்டினோம். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒருத்தி, ஒருநாளும் எங்கள் முன்னால் தெலுங்கில் பேசாதவள், “தலுப்பு தீயண்டி, தலுப்பு தீயண்டி” என்று கத்தினாள். கதவைத் திறங்கள் என்று. எந்த மொழியில் கத்தினாலும் அந்தப் பக்கம் ஆள் வேண்டுமே. வந்தார், சூப்பர்வைசர். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

“சாவி பூஜையில இருக்கும்மா. செத்த பொறுங்க.”

பூஜை எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பல் சாவியாவது கரையில் ஒருவர் பையில் பத்திரமாக இருந்தது. எங்கள் சாவி சந்தனப் பொட்டோடு நெருப்புக்குள் இருந்தது.

மதினி தண்ணீர் டிரம்மில் காஸ் துணியைக் கட்டுக்கட்டாக முக்கி எல்லோர் முகத்திலும் போட்டாள். “குனிஞ்சிருங்க, ஒருத்தியும் நிமிராதீங்க” என்றாள். துணி எங்களுக்கெல்லாம் போட்டு முடிந்து அவளுக்கு எடுக்கும் முன் புகை ஹாலை மூடிவிட்டது. அதற்குப் பிறகு அவள் இருமும் சத்தம்தான் கேட்டது. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

பூட்டை உடைத்தது பின் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய். அன்று அந்தத் தெருவில் எல்லாப் பட்டறையும் பூஜை போட்டு மூடிக் கிடந்தது, அவர் கடை மட்டும் திறந்திருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர் கடப்பாரையை விட்டு நெம்பி, கொண்டியோடு பூட்டைப் பெயர்த்துவிட்டார். கதவு திறந்ததும் ஒருத்தி மேல் ஒருத்தியாக வெளியே விழுந்தோம். மதினி கடைசியாக வந்தாள். வந்து நான்கடி நடந்து சாக்கடை ஓரம் உட்கார்ந்தவளுக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை.

நான் அவளைத் தாங்கிக்கொண்டு முன்பக்கம் சுற்றி வந்தேன், ஆட்டோ பிடிக்க. அங்கே பார்த்ததை மன்னிக்க எனக்கு மனசு இல்லை. விருந்தாளிகள் தனிப்படி வழியாக இறங்கி, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எதிர்சாரியில் நின்றார்கள். ஒருவர் கையில் இன்னும் பாயசத் தம்ளர். கம்பெனியின் குட்டியானை வண்டி வாசலில் நின்றது. பக்கத்து ஷெட்டில் அடுக்கியிருந்த பெட்டிகளை நான்கு பேர் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருக்காரர்கள் வாளி வாளியாகத் தீயில் தண்ணீர் ஊற்ற, முதலாளி, அட்டை நனையாம, அட்டை நனையாம என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மதினியைக் காட்டி, வண்டியைக் குடுங்க மொதலாளி, ஆஸ்பத்திரி போகணும் என்றேன்.

“இந்தா, லோடு ஏறிட்டே இருக்கு. ஒரு ஆட்டோவப் பாரேன்மா” என்றார்.

அந்தக் கப்பலில் பாதி காலியாகப் போன படகைப் பற்றிப் படித்தபோது நான் இவ்வளவு கோபப்படவில்லை. அதிலாவது ஏறினவர்கள் மனுஷர்கள். எங்கள் படகில் பெட்டிகள் ஏறின. உள்ளே இருந்ததெல்லாம் காயத்துக்குக் கட்டுகிற துணி.

மறுநாள் பேப்பரில் மூலையில் நாலு வரி வந்தது. துணிகள் எரிந்து நாசம், உயிர்ச்சேதம் இல்லை என்று. மதினி பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். உயிர் போனால்தான் சேதம் என்று எழுதுகிறவர்கள், மாடிப்படி பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. அந்த வாரச் சம்பளத்தில் எங்களுக்கு அன்றைக்கு அரைநாள் போட்டிருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு வேலை நடக்கவில்லையாம். கப்பல் மூழ்கிய நேரத்தோடு அதில் வேலை செய்தவர்களின் சம்பளமும் நின்றுபோனது என்று நான் முன்பே படித்திருந்தேன். எங்கள் முதலாளி அதையெல்லாம் படித்திருக்க மாட்டார். படிக்காமலே இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு நான் மாடிக்கே ஏறிப்போய்ச் சத்தம் போட்டேன். என்ன பேசினேன் என்று எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். அத்தோடு எனக்கு அங்கே வேலை இல்லை. இப்போது எங்கள் ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன். மதினி மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் அங்கேயே போனாள். போகாதே என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

“ஒன் ஒருத்தி சம்பளத்துல ரெண்டு பிள்ளையளுக்கும் எம் மாத்திரைக்கும் ஆவுமா? எந்தக் கம்பெனிக்காரன் இருமுறவளச் சேப்பான்? அவியளுக்கு எம்மேல ஒரு இது இருக்கு, சேத்துக்கிட்டாவ” என்றாள்.

அவர்களுக்கு இருந்த அந்த ‘இது’ எனக்குத் தெரியும். மதினி வாய் திறந்து ஒரு வார்த்தை வெளியில் சொல்லவில்லை, அதுதான். கம்பெனிக்குப் புதுக் கூரை வந்தது. பின்பக்கம் தகரக் கதவு போய் இரும்புக் கதவு வந்தது. முதல் மாதம் அது திறந்திருந்தது. இரண்டாம் மாதம் சும்மா சாத்தியிருந்தது. பிறகு ஒருநாள் சாயங்காலம் வந்து, சோற்றுச் சட்டியைக் கழுவிக்கொண்டே மதினி சொன்னாள், பூட்டு வந்திருச்சு என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையிலும் அவளை பஸ் ஏற்றிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். சாயங்காலம் அவள் இறங்கும் வரை பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

போன வருடம் ஆடிப்பூரத்துக்கு மறுபடியும் அதே கப்பல் வந்தது. புது பெயிண்ட். நாங்கள் போகவில்லை. மைக்கில் அதே ஆள், ஏழைகளைக் கீழே பூட்டி வைத்திருந்தார்கள் என்று அழுதுகொண்டிருந்தது எங்கள் வீடு வரை கேட்டது. மதினி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

பிறகு ஆயுத பூஜை. அன்று அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனேன். என்னை உள்ளே விடவில்லை. பொரி வாங்க வந்த கூட்டத்தோடு வாசலில் நின்றேன். ஷட்டர் திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. அதே இடத்தில் சாமி படம், அதே குத்துவிளக்கு. இந்தத் தடவையும் கருவிகளைத் தேய்த்தது மதினிதான். தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கத்தரி, ஸ்கேல், எடைக்கல், எல்லாவற்றிலும் பொட்டு. முதலாளி விளக்கை ஏற்றிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, சாவிக்கொத்தை அவளிடம் நீட்டினார். இதையும் வை தாயி, பேக்கிங் கொஞ்சம் பாக்கி இருக்கு, முடிச்சிட்டுப் போயிருங்க என்றார்.

மதினி கொத்தை வாங்கினாள். வளையத்தை நகத்தால் விரித்து ஒரு சாவியை மட்டும் கழற்றினாள். மீதியைத் தட்டில் வைத்தாள்.

“அது என்னம்மா, அத மட்டும் எடுக்க?”

“பின்கதவு சாவி மொதலாளி.”

“பூஜையில வச்சாத்தான நல்லது.”

“போன வருசம் வச்சேன்ல” என்றாள் மதினி.

அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்த மூச்சும் கிடையாது. பெண்கள் வரிசையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. முதலாளி வழக்கம்போலச் சிரித்துப் பார்த்தார், கூடச் சிரிக்க ஆளில்லாமல் அது பாதியில் நின்றது. மதினி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தறிகளுக்கு நடுவில் நடந்தாள். நடுவில் ஒரு தறியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நடந்தாள். வாசலுக்கு வந்து, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி அவள் பின்பக்கம் போவது தெரிந்தது.

செத்த நேரத்தில் பின்கதவு திறக்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. மலைக்காற்று கட்டடத்துக்குள் நேராகப் புகுந்து முன்பக்கம் வந்தது. குத்துவிளக்கின் சுடர் படுத்து எழுந்தது. முதலாளி கையைக் குவித்து அதை மறைத்துக்கொண்டு, யாராவது போய் அந்தக் கதவைச் சாத்துங்கம்மா என்றார்.

ஒருத்தியும் போகவில்லை.